ஐந்தாவது ஒலிப்பதிவு

நான்காவது ஆளுக்கு ஐந்து போட்டாயிற்று. போட்ட கையோடு பியூலாவுக்கு மனசு கேட்கவில்லை. நல்ல பிள்ளை, வாயைத் திறந்தால் அம்மா சொன்னார், அம்மா சொன்னார் என்றே தொடங்கியது, ஒரு ஆறு போட்டிருந்தால் என்ன குடிமுழுகியிருக்கும். இந்தப் 'போட்டிருந்தால் என்ன'தான் அவளைத் திருச்சியின் இந்த ஓட்டலில் இரண்டாம் மாடியில், ஏசிக் குளிரில் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு, மற்ற ஏழு பேரோடு வரிசையாக லேப்டாப் முன்னால் இவ்வளவு பயத்தோடு உட்கார வைத்திருக்கிறது. வெளிநாடு போகிறவர்களைப் பேசவைத்து, அவர்கள் பேசுகிற ஆங்கிலத்துக்கு மதிப்பெண் போடுகிற எக்ஸாமினர் அவள். பன்னிரண்டு வருஷமாகப் போடுகிறாள். மதிப்பெண் போடுகிறவர்களுக்கே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு பரீட்சை உண்டு. யாரோ யாருக்கோ எப்போதோ நடத்திய ஐந்து பேச்சுத் தேர்வுகளின் ஒலிப்பதிவு ஹெட்போனில் வரும். ஒரு தடவைதான் ஓடும். நிறுத்தக் கூடாது, பின்னால் போய்க் கேட்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் சரியான மதிப்பெண் இதுதான் என்று கடல் தாண்டி உட்கார்ந்திருக்கிற ஒரு கமிட்டி முன்பே முடிவுசெய்து, உறையில் போட்டு ஒட்டி அனுப்பியிருக்கும். அதோடு ஒத்துப்போனால் தப்பித்தாள். ஒத்துப்போகாவிட்டால் மத்தியானம் இன்னொரு வாய்ப்பு. அதிலும் கோட்டைவிட்டால் எக்ஸாமினர் நம்பரைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். போன மாதம் அவளுக்கு ஒரு கடிதம் வேறு வந்திருந்தது. நீங்கள் சற்றுத் தாராளமாக மதிப்பெண் தருகிறீர்கள், கவனிக்கவும். முப்பது வருஷம் கல்லூரியில் கஞ்சப் பிசினாறி என்று பட்டப்பெயர் வாங்கிய வாத்தியாரம்மாவுக்கு, ஐம்பத்தெட்டு வயதில் இப்படி ஒரு கடிதம். அவளிடம் படித்தவர்கள் யாராவது பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

ஐந்தாவது ஒலிப்பதிவு இன்னும் ஒரு நிமிஷத்தில் தொடங்கும் என்று திரையில் எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. கீழ்த்தளத்தில் ஏதோ நிச்சயதார்த்தம், கேசரி மணம் எந்த வழியாகவோ ஏறி இரண்டாம் மாடிக்கு வந்துவிட்டது. நெய்யைத் தாராளமாக ஊற்றியிருக்கிறார்கள். தாராளம். அவர்களுக்கெல்லாம் யாரும் கடிதம் போடமாட்டார்கள். பியூலா கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் ஒப்பித்துப் பார்த்தாள். தடையில்லாமல் பேசுதல், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நாலுக்கும் தனித்தனியாக ஒன்பது வரை. பாளையங்கோட்டையில் ஞாயிறு பள்ளிக்கூடத்தில் வசனம் ஒப்பித்துப் பழகிய வாய், இதையும் வரி பிசகாமல் சொல்லும். ஏழு என்றால் நீளமாகப் பேசுவார், அங்கங்கே தயங்கினாலும் பேச்சு அறாது. ஆறு என்றால் நீளமாகப் பேச மனம் இருக்கும், ஆனால் நடுநடுவே அறுந்துபோகும். அந்த 'மனம் இருக்கும்' என்கிற இடம் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். யாரோ ஒரு வெள்ளைக்காரன் ராத்திரி பகலாக உட்கார்ந்து விதி எழுதும்போது, அவனையும் மீறி இரக்கம் வழிந்துவிட்ட இடம் அது. தங்கச்சி ரீட்டாவுக்கு ஆறுதான். தூத்துக்குடியிலிருந்து போன் போடுவாள், பேச மனம் இருக்கும், சிக்னல் அறுந்துபோகும். வீட்டுக்காரர் ஞானதுரைக்கு ஒன்பது, அதில் சந்தேகமே இல்லை. பொன்மலை ரயில்வே பட்டறையில் முப்பத்தைந்து வருஷம் இருந்துவிட்டு வந்த மனுஷன், சாயங்காலம் காப்பியோடு ஒரு போகியைப் பற்றித் தொடங்கினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் அந்தப் போகி பட்டறையை விட்டு வெளியே வராது. ஒன்றுக்கொன்று தொடர்பு இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும் என்பது விதி. அதைப் பார்த்தால் அவருக்கு நாலுதான் தேறும். சிரிப்பு வந்தது, வந்த வேகத்திலேயே போய்விட்டது. இந்த நம்பர் போய்விட்டால் தேர்வு நடத்தப் போகிற சனிக்கிழமை என்று ஒன்று இனி கிடையாது. வருகிற பணத்துக்காக அவள் இதைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை, பென்ஷன் வருகிறது. பதினான்கு நிமிஷம் முன்பின் தெரியாத ஒருத்தர் எதிரே வந்து உட்கார்ந்து தன் ஊரையும் தன் வேலையையும் தனக்குப் பிடித்த மழைக்காலத்தையும் பற்றிச் சொல்கிறார். எழுந்துபோகிறார், அடுத்தவர் வருகிறார். இப்படி ஒரு நாளைக்கு இருபது பேரைக் கேட்கிற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும். இதுவும் இல்லையென்றால் அந்த ஒரே போகியைத்தான் ஆயுசு முழுக்கக் கேட்டுக்கொண்டு இருக்கவேண்டும். அவளுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

சொரசொரவென்று ஒரு சத்தம், நாற்காலி இழுபடுகிற ஓசை, ஒரு பொம்பளை ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லிப் பெயரைக் கேட்டாள். பெயர் வருகிற இடத்தில் வழக்கம்போலக் கீச்சென்று ஒரு ஒலியை வைத்து மறைத்திருந்தார்கள். அந்த எக்ஸாமினரின் குரலைக் கேட்டதும் பியூலாவுக்கு எரிச்சலாக வந்தது. எவ்வளவு விறைப்பு. செருப்பைத் தொலைத்துவிட்டு வந்தவள் மாதிரி ஒரு கடுகடுப்பு. எதிரே உட்கார்ந்திருப்பவர் பயந்துகொண்டு வந்திருப்பார், கொஞ்சம் சிரித்த குரலில் கேட்டால் என்ன குறைந்துபோகும். உச்சரிப்பு வேறு, கான்வென்ட்டில் கன்னியாஸ்திரிகள் ஸ்கேலால் தட்டித் தட்டி நிமிர்த்திய உச்சரிப்பு, ஆனால் அந்த 'ட'கரத்தில் தாமிரபரணித் தண்ணீர் அப்படியே இருக்கிறது, எங்கேயோ நம்ம பக்கத்துப் பொம்பளை. யாராக இருக்கும், நாசரேத்துக்காரி யாராவதா, மேரி கிரேஸாக இருக்குமோ, இல்லை, அவள் இவ்வளவு மூக்கால் பேசமாட்டாள். சொந்த ஊர் எது என்று அந்தப் பொம்பளை கேட்டாள். அறந்தாங்கி என்று ஓர் ஆண் குரல் சொன்னது. அறந்தாங்கி எனக்குத் தெரியாது, அதைப் பற்றிச் சொல்லுங்கள் என்றாள் அவள். அப்போதுதான் பியூலாவின் கை பேனாவோடு அப்படியே நின்றது. அறந்தாங்கி தனக்கு நன்றாகத் தெரியும், சின்ன நாத்தனாரைக் கட்டிக்கொடுத்த ஊர், தெரியாது என்று சொன்னால்தான் அவர் நிறையச் சொல்வார் என்று அந்தப் பொய்யைச் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. செருப்பைத் தொலைத்தவள் அவளேதான். முப்பது வருஷம் வகுப்பெடுத்து, அதில் பாதிக் காலம் கூடவே பன்னிரண்டு வருஷம் இந்த நாற்காலியில் உட்கார்ந்து, தன் குரலைத் தான் வெளியே நின்று கேட்டதே இல்லை. ஞானதுரை பாவம், இதையா இவ்வளவு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மூன்று வருஷம் இருக்கும். பரோட்டா மாஸ்டர். முழுக்கை வெள்ளைச் சட்டை, கையைக் கழுவிக் கழுவி வந்திருப்பார் போல, ஆனாலும் எண்ணெய் வாசனை லேசாக அடித்தது, அது அவளுக்குப் பிடித்துமிருந்தது. நியூசிலாந்திலோ எங்கேயோ ஓட்டலில் வேலை. கட்டைவிரலில் பழைய சூட்டுத் தழும்பு. சட்டைப் பையில் அடையாள அட்டையோடு ஒரு சின்னச் சீப்பு. இவ்வளவும் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, அன்றைக்குத் தான் கட்டியிருந்த சேலை கூட ஞாபகம் வந்துவிட்டது, பச்சையில் காப்பிக்கலர் பார்டர். போட்ட மதிப்பெண் மட்டும் ஞாபகம் இல்லை. ஆறா, ஏழா. அன்றைக்கு இருபது பேர், அந்த மாதம் எண்பது பேர், மூன்று வருஷத்தில் எத்தனை ஆறு எத்தனை ஏழு. எல்லா எண்ணும் ஒரே முகத்தோடு நிற்கின்றன. ஞாபகம் வந்தால்தான் என்ன, அன்றைக்குப் போட்டதையே இன்றைக்கும் போடவேண்டியதா, மாற்றிப் போடவேண்டியதா. அன்றைக்கு அவள் போட்டது சரி என்பதால் மாதிரிக்கு எடுத்து அனுப்பினார்களா, இல்லை, இதோ பாருங்கள் ஒருத்தி எப்படித் தப்பாகப் போட்டிருக்கிறாள் என்று காட்டவே எடுத்தார்களா. சரியாகப் போட்டதை எடுத்து அனுப்பவேண்டிய அவசியம் என்ன, ஊரில் எல்லாரும் சரியாகத்தானே போடுகிறார்கள். அப்படியானால் தப்பு. தப்பு என்றால் தாராளம். தாராளம் என்றால் ஏழு போட்டிருப்பாள். ஆக இன்றைக்கு ஆறு போட்டால் தப்பித்தாள். ஆனால் அன்றைக்கு ஒருவேளை ஆறு போட்டு, கமிட்டி அதையே தாராளம் என்று சொல்லியிருந்தால், இன்றைக்கு ஐந்தா. பெண்ணே, ஆளைக் கேட்காமல் எதைக் கணக்குப் போடுகிறாய் என்று தன்னையே அதட்டிக்கொண்டு காதைத் தீட்டினாள். அதற்குள் முதல் பகுதியில் பாதி ஓடிவிட்டிருந்தது. மாஸ்டர் தன் வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மாவு ஊறவேண்டும் என்பதற்கு ஆங்கிலத்தில் அவருக்குச் சொல் கிடைக்கவில்லை. ஒரு நொடி தேடிவிட்டு, மாவு தூங்கவேண்டும், எண்ணெயைப் போர்த்திக்கொண்டு தூங்கவேண்டும், நடுவில் எழுப்பினால் கோபித்துக்கொள்ளும் என்றார். தெரியாத சொல்லுக்குச் சுற்றிவளைத்து வழி கண்டுபிடித்தால் அதற்கும் மதிப்பெண் உண்டு என்பது விதி. சொல்வளம் ஏழு என்று எழுதினாள். தாராளமா இது. இல்லை. கமிட்டியே நேரில் வந்து பரோட்டா போட்டாலும் இதைவிட நன்றாகச் சொல்லமுடியாது.

இரண்டாம் பகுதி வந்தது. ஒரு அட்டையைக் கொடுப்பார்கள், அதில் உள்ள விஷயத்தைப் பற்றி ஒரு நிமிஷம் யோசித்து இரண்டு நிமிஷம் தனியாகப் பேசவேண்டும். அந்த இரண்டு நிமிஷமும் எக்ஸாமினர் வாயைத் திறக்கக் கூடாது. பலே என்று சொல்லக் கூடாது, சரி என்று சொல்லக் கூடாது, தலையைக் கூட ரொம்ப ஆட்டக் கூடாது. ஒருத்தருக்கு ஆட்டி இன்னொருத்தருக்கு ஆட்டாமல் போனால் அநியாயம் ஆகிவிடும் அல்லவா. நீங்கள் பொறுமையோடு காத்திருந்த ஒரு சமயம், இதுதான் மாஸ்டருக்கு வந்த அட்டை. அவர் தொடங்கினார். அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சொந்தமாகக் கடை திறந்த முதல் நாள். அடுப்பு பற்றவைத்தாயிற்று, கல் காய்ந்தாயிற்று, வாசலில் நாற்பது பேர் நிற்கிறார்கள், மாவு இன்னும் தூங்குகிறது. அங்கே நின்றுவிட்டார். நாற்பது பேர் நிற்கிறார்கள் என்று இன்னொரு தரம் சொன்னார். பிறகு ஒன்றுமில்லை. மின்விசிறிச் சத்தம், தொண்டையைச் செருமுகிற சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று, பியூலா நொடிகளை எண்ணினாள், நாலு, ஐந்து, இது அறுந்துபோவதுதான், ஆறுதான், ஐயோ மாஸ்டர். அப்போது காதுக்குள் ஒரு சத்தம் கேட்டது. "ம்." அவ்வளவுதான். உடனே மாஸ்டர், பிறகு நான் அவர்களிடம் சொன்னேன் என்று பிடித்துக்கொண்டு ஓடினார். அந்த 'ம்' அவளுடையது. கதை கேட்கிறவர்கள் கொட்டுகிற 'ம்'. சொல்லு, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், அப்புறம் என்ன ஆச்சு என்பதையெல்லாம் சேர்த்து ஒரே மூச்சில் மூக்கால் விடுகிற 'ம்'. வாயைத் திறக்கக் கூடாது என்றார்கள், அவள் திறக்கவில்லை, மூடிக்கொண்டே செய்துவிட்டாள். செய்தது தெரியவே தெரியாது. எப்படித் தெரியும், கல்யாணமான நாளிலிருந்து சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்கி ம் கொட்டுகிறவள். ஒருநாள் ஞானதுரை பேசிக்கொண்டே வந்து, நம்ம வீட்டு மாடியில மலைக்கோட்டை யானை நிக்கிது என்றாராம், அதற்கும் அவள் ம் என்றாளாம், ரெண்டு குட்டி போட்டிருக்கு என்றாராம், அதற்கும் ம். தூங்குகிறபோது கூடக் கொட்டுகிறாள் என்று அவர் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அதைச் சொல்லும்போதும் அவள் பக்கத்தில் நின்று ம் என்று சொல்லிக்கொண்டுதான் இருந்திருப்பாள்.

தாளின் ஓரத்தில் ஒரு கோடு போட்டாள். மாஸ்டர் நாற்பது பேரிடம் இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்று சொல்கிறார், ம், இரண்டாவது கோடு. அதில் ஒருவர் போலீஸ்காரர், ஜீப்பை நிறுத்திவிட்டு நிற்கிறார், ம், மூன்று. அவர் மேஜையைத் தட்டுகிறார். மச்சான் உள்ளே வந்து, இருக்கிறதை வீசிப் போடு, எவனுக்குத் தெரியப்போகுது என்கிறான். ம், நாலு. மாஸ்டர் மாட்டேன் என்கிறார். மாவு விழிக்காமல் கை வைக்கமாட்டேன். ஐந்தாவது 'ம்' ரொம்பப் பக்கத்திலேயே கேட்டது, மைக்கை வாயோடு ஒட்டிவைத்தாற்போல. கோடு போட்டாள். அப்போது இடப்பக்கத்து நாற்காலியில் இருந்த கலியமூர்த்தி சட்டென்று அவள் பக்கம் திரும்பினார். கும்பகோணத்துக்காரர், பாலிடெக்னிக்கில் ஆங்கிலம் எடுத்து ரிட்டயர் ஆனவர், இவளோடு ஒரே வருஷம் எக்ஸாமினராகச் சேர்ந்தவர். அவர் ஹெட்போனிலும் இதேதானே ஓடுகிறது. குரலைக் கண்டுபிடித்துவிட்டார். மீசைக்குள் ஒரு சிரிப்பு வேறு. ஏழு பேருக்கும் இப்போது தெரிந்திருக்கும், சென்னையிலிருந்து வந்து எதிர் மேஜையில் உறையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற சுதர்சனுக்கும் தெரிந்திருக்கும். முப்பத்தைந்து வயதுப் பையன், மரியாதைக்காரன், மேடம் மேடம் என்று சொல்லிக்கொண்டேதான் நம்பரைப் பிடுங்குவான். ஆறு, ஏழு, மாஸ்டர் எல்லாருக்கும் டீ கொடுத்து உட்காரவைக்கிறார், எட்டாவதும் பக்கத்திலேயே கேட்டது, கலியமூர்த்தி மறுபடி திரும்பிப் பார்த்தார், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒன்பது, பத்து. மாவு விழித்தது. நாற்பது பேருக்கும் போட்டார், போலீஸ்காரர் எட்டு தின்றார். ம். பதினொன்று. இரண்டு நிமிஷம் முடிந்தது, கடுகடுப்பான அந்தப் பொம்பளை நன்றி என்று மட்டும் சொன்னாள்.

தாளின் அடியில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. எக்ஸாமினர் விதியை மீறிய இடங்கள் எத்தனை என்று கேட்டிருக்கும். முன்னால் போன நாலு பேருக்கும் யோசிக்காமல் பூஜ்யம் போட்டிருந்தாள். இதிலும் பூஜ்யம் போட்டுவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள். யாரோ ஒரு பொம்பளை, பெயர் கூட இல்லாத குரல், மூன்று வருஷம் முன்னால் மூக்கால் விட்ட மூச்சு. பதினொன்று என்று எழுதினால், தன் கையாலேயே தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதுதான். ஆனால் அவளைப் பிடித்துக்கொண்டது நம்பர் பற்றிய பயம் இல்லை. ஒரு பெண் பிள்ளை. ஊர் பெயர் மறந்துவிட்டது, நர்ஸ் வேலைக்குப் போவதற்காக வந்தவள். மனப்பாடம் பண்ணி வந்ததை இமை கொட்டாமல் ஒப்பித்தாள், நடுவில் மறந்துபோய் நின்றாள், பன்னிரண்டு நொடி நின்றாள். பியூலாவும் விதிப்படி கல்லாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஐந்து போட்டாள். அவளுக்கு ஏன் ம் வரவில்லை. கதை நன்றாக இருந்தால்தான் ம் வரும், பயந்து நடுங்குகிறவள் கதை எப்படி நன்றாக இருக்கும். அப்படியானால் அன்றைக்கு மாஸ்டருடைய ஆங்கிலத்துக்கு மதிப்பெண் போட்டாளா, அவருடைய பரோட்டாவுக்குப் போட்டாளா. பன்னிரண்டு வருஷத்தில் எத்தனை பேருக்குக் கொட்டினாள், எத்தனை பேருக்குக் கொட்டாமல் விட்டாள். அந்தப் பிள்ளை கதவுக்கிட்டப் போய்த் திரும்பிப் பார்த்த பார்வை இப்போதும் வந்து நின்றது. அவளுக்கும் ஒரே ஒரு ம் போட்டிருக்கலாம். இனி எங்கே போய்ப் போடுவது.

மூன்றாம் பகுதி ஓடிக்கொண்டிருந்தது. கேள்விகள் கொஞ்சம் கடினமாக வரும் பகுதி. இந்தக் காலத்து மக்களுக்குப் பொறுமை குறைந்துவிட்டதா என்று அவள் குரல் கேட்டது, கேட்டதும் படபடவென்று காகிதம் கொட்டுகிற சத்தம். ஆமாம், அன்றைக்குக் கேள்வித் தாள்கள் மொத்தமும் மேஜைக்கு அடியில் போய்விழுந்தன, மின்விசிறிக்காற்று, அவள் குனிந்து பொறுக்கினாள், முட்டி வலியோடு நாற்காலிக்கு அடியில் பாதி உடம்பு போய்விட்டது. அந்த நேரம் முழுக்க ம் இல்லை. முகம் கூட இல்லை, எதிரே வெறும் நாற்காலி. மாஸ்டர் பேசிக்கொண்டிருந்தார். பொறுமை குறையவில்லை, காத்திருக்கிறவனுக்கு எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரிந்தால் காத்திருப்பான், பரோட்டாக் கல்லைப் பார்க்கிற மாதிரி உட்காரவைத்தால் ஒரு மணி நேரமும் உட்காருவான், சுவரைப் பார்க்கிற மாதிரி உட்காரவைத்தால் ஐந்து நிமிஷத்தில் எழுந்துவிடுவான் என்றார். ஒரு இடத்தில் தயங்கினார், பியூலாவின் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவரே அதைத் தாண்டினார். இன்னொரு இடத்தில் தவறாகத் தொடங்கினார், பாதியில் விட்டார், திருத்திக்கொண்டு போனார். ஒரு நிமிஷத்துக்கு மேல் இருக்கும். யாரும் கேட்காமல், யாரும் கொட்டாமல், மேஜைக்கு மேலே தனியாக ஓடுகிற ஆங்கிலம். அங்கங்கே தயங்கினாலும் பேச்சு அறாது. பியூலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏழு. இது தாராளம் என்றால் தாராளமாகவே இருக்கட்டும், ஆறு போட அவளால் ஆகாது. ஏழு என்று அழுத்தி எழுதினாள். அதே அழுத்தத்தோடு கீழே இறங்கி, கட்டத்தில் பதினொன்று என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள்.

தாள்களை வாங்கிப் பார்க்கக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார் சுதர்சன். அதற்குள் காப்பி வந்தது, யாரோ கீழே போய்க் கேட்டு நிச்சயதார்த்தக் கேசரியும் ஒரு தட்டு கொண்டுவந்துவிட்டார்கள். பியூலா தொடவில்லை. நம்பர் போய்விட்டது என்று அவள் முடிவே கட்டிவிட்டாள், ஞானதுரையிடம் எப்படிச் சொல்வது என்று வாக்கியம் கூட அமைத்துவிட்டாள். சுதர்சன் எழுந்தார். முதல் நாலிலும் எல்லாருமே சரியாகப் போட்டிருப்பதாகச் சொன்னார். ஐந்தாவதில் தடையில்லாமல் பேசுவதற்குக் கமிட்டி கொடுத்தது ஏழு என்றார். பியூலா மூச்சை விட்டாள். ஆனால் இந்த ஒலிப்பதிவை அனுப்பியது பேசியவருக்காக இல்லை, கீழே இருக்கிற கட்டத்துக்காக என்றும், எட்டுப் பேரில் ஏழு பேர் பூஜ்யம் போட்டிருக்கிறார்கள் என்றும் அவர் சொன்னதும் அறையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. சரியான விடை ஒன்பது. இரண்டு கூடக்குறைய இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம்.

ஒன்பதா, எங்கே, எங்களுக்கு ஒன்றுமே கேட்கவில்லையே என்று ஏழு பேரும் கேட்டார்கள். சுதர்சன் அந்த இடத்தை ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினார். முதல் தடவை யாருக்கும் பிடிபடவில்லை. இரண்டாம் தடவை அவர் ஒவ்வொரு ம்முக்கும் விரலை நீட்டினார், அப்புறம்தான் ஒவ்வொரு முகமாக மலர்ந்தது. தானும் சென்னையில் பூஜ்யம்தான் போட்டதாகவும், வெள்ளைக்காரர்களுக்கு உடனே கேட்டது தனக்கு மூன்று தரம் கேட்டும் கேட்கவில்லை என்றும் அவர் ஒப்புக்கொண்டார்.

"ம் கேக்கலன்னாத்தான் சார் எனக்குக் காதுல உறுத்தும்," என்றார் கலியமூர்த்தி.

ஏழு பேரும் மத்தியானம் மறுபடி உட்காரவேண்டும், பியூலா மேடம் மட்டும் வீட்டுக்குப் போகலாம் என்று சுதர்சன் சொன்னார். சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அந்த எக்ஸாமினர் யாருன்னு பதிவுல இல்ல. யாரா இருந்தாலும் இனிமே எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கணும்னு சொல்லச் சொல்லியிருக்காங்க," என்றார். அது நியாயம் என்று பியூலா வாய்விட்டே சொன்னாள். அந்த நர்ஸ் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் சொன்னாள். பிறகு கேசரியை எடுத்து ஒரு வாய் போட்டுக்கொண்டு கணக்குப் பார்த்தாள். ஒன்பது சரியாக இருக்க முடியாது. தான் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கோடு போட்டது, பதினொரு கோடு தாளில் நிற்கிறது, கமிட்டி காதுக்கே இரண்டு தப்பிவிட்டிருக்கிறது, அதை எழுதிக்கூடப் போடலாம். இதைக் கலியமூர்த்தியிடம் மெல்லச் சொன்னாள். அவர் ஹெட்போன் வயரைச் சுற்றிக்கொண்டே, அவளுக்கு மட்டும் கேட்கும்படிக் குனிந்தார்.

"அதுல ஒம்பதுதான் மேடம். மத்த ரெண்டும் நீங்க இங்க உக்காந்து போட்டது. என்னத்தான் கூப்புடுறீங்களோன்னு ரெண்டு தடவையும் திரும்பிப் பாத்தேன்."

அடுத்த வாய்க்கு எடுத்த கேசரியைப் பியூலா தட்டிலேயே வைத்தாள். மூன்று வருஷம் முன்னால் பேசி முடித்து, தேறியோ தேறாமலோ எங்கேயோ கடல் தாண்டிப் போய்விட்ட ஒரு மனுஷனுக்கு, அவர் பாதியில் நின்றுவிடக் கூடாதே என்று அவள் இன்றைக்கும் கொட்டியிருக்கிறாள்.